படம் ஓடவில்லை... நின்று நின்று போகிறது!

"அந்தப் படம் நம்ம ஊர்ல நூறு நாள் ஓடுச்சு" என்பார் தாத்தா. "நெட் ஸ்லோ, படம் ஓட மாட்டேங்குது" என்பான் பேரன். தமிழில் படம் என்றால் ஓடியே ஆக வேண்டும். ஓடவில்லை என்றால் தயாரிப்பாளர் தலையில் துண்டு!

ஆனால், பழைய தியேட்டரின் புரொஜெக்டருக்குள் நடந்தது இதற்கு நேர் எதிர். படச்சுருள் அங்கே நிற்காமல் ஓடினால் திரையில் தெரிவது வெறும் மங்கலான கோடுகள்தான். ஒவ்வொரு ஃபிரேமும் லென்ஸுக்குப் பின்னால் வந்து அசையாமல் நிற்க வேண்டும். ஒளி அதன் வழியே திரைக்குப் போன பிறகுதான் அடுத்த ஃபிரேமுக்கு இடம்விட வேண்டும். ஒரு நொடியில் 24 முறை. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 2,16,000 முறை.

சினிமாவைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் எடிசன் என்று ஒரு கட்சி, லூமியர் சகோதரர்கள் என்று இன்னொரு கட்சி. 'படத்தை நிறுத்தக் கற்றுக்கொண்டது யார்?' என்று கேட்டுப்பார்த்தால் விடை இன்னும் சுவாரஸ்யமானது.

குதிரையை நிறுத்தியவர்

நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் நான்கு கால்களும் எப்போதாவது ஒரே நேரத்தில் தரையைவிட்டு மேலே இருக்குமா? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1870-களில் பேசப்பட்ட கேள்வி இது. லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு என்ற ரயில்வே முதலாளிக்கு இதில் பெரிய ஆர்வம். அவர் அந்த மாநிலத்தின் முன்னாள் கவர்னர். பந்தயக் குதிரைகள் வளர்த்தவர். பெரிய தொகை பந்தயம் கட்டினார் என்றுகூட ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. கதை நன்றாக இருப்பதால் இன்னும் உலவுகிறது.

விடை தேடும் வேலை எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரரிடம் வந்தது. 1878 ஜூன் மாதம், பாலோ ஆல்டோவில் இருந்த ஸ்டான்ஃபோர்டின் பண்ணையில் ஓடுபாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். பாதையின் குறுக்கே 12 நூல்கள். குதிரை ஓடும்போது ஒவ்வொரு நூலும் அறுபட, அந்தந்தக் கேமராவின் ஷட்டர் கண் இமைப்பதைவிட வேகமாகத் திறந்து மூடியது.

கால்கள் நான்கும் மேலே இருப்பது உண்மைதான். ஆனால், ஓவியர்கள் காலகாலமாக வரைந்த மாதிரி முன்னங்கால்கள் முன்னாலும் பின்னங்கால்கள் பின்னாலும் நீண்டிருக்கும் நேரத்தில் அல்ல. நான்கும் வயிற்றுக்கடியில் மடங்கி ஒன்றுசேரும் நொடியில்! அதுவரை வரையப்பட்ட பாயும் குதிரைகள் அத்தனையும் தப்பாகப் பாய்ந்துகொண்டிருந்தன. (அந்தப் பண்ணை நிலத்தில்தான் பிற்பாடு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வந்தது.)

அசைவைத் துண்டு துண்டாக நிறுத்திப் பிடித்தாயிற்று. 1882-ல் பிரான்ஸின் எத்தியென் ஜூல் மாரே துப்பாக்கி வடிவத்தில் ஒரு கேமரா செய்து, நொடிக்கு 12 படம் சுட்டார். ஆங்கிலத்தில் இன்றும் படப்பிடிப்பைச் 'சுடுதல்' என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். மாரே அதை நிஜமாகவே செய்தவர்.

கண் ஏமாறுகிறதா?

நிறுத்திப் பிடித்த படங்களை மறுபடி அசைய வைப்பது அடுத்த வேலை. இதற்கான தந்திரம் மைபிரிட்ஜுக்கு முன்பே தெரிந்திருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த விஞ்ஞானி ஜோசப் பிளாட்டோ 1832-ல் ஒரு வட்ட அட்டை செய்தார். விளிம்பைச் சுற்றி, ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறுபடும் படங்கள். இடையிடையே மெல்லிய பிளவுகள். அட்டையைக் கண்ணாடி முன் சுழற்றி, பிளவு வழியாகப் பார்த்தால் அதில் இருக்கும் ஆள் நடனமாடுவார். பிளவுகளை அடைத்துவிட்டு அட்டையின் மேல் விளிம்புக்கு மேலாகப் பார்த்தால் எல்லாம் குழம்பி வெறும் வளையமாகத் தெரியும். அந்தப் பிளவு செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஓடும் படத்தைக் கண்ணுக்கு ஒரு கணம் 'நிறுத்தி'க் காட்டுகிறது. அசைவைக் கண்ணுக்கு விருந்தாக்கிய பிளாட்டோ, பின்னாளில் பார்வையை முழுவதுமாக இழந்தார்.

பள்ளிப் புத்தகத்தில் இதை 'பார்வை நீடிப்பு' என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பார்த்த காட்சி விழித்திரையில் கொஞ்ச நேரம் தங்கும், அதனால் படங்கள் ஒட்டிக்கொண்டு அசைவாகத் தெரியும் என்று. இது பாதிக் கதைதான். காட்சி கண்ணில் தங்கிக்கொண்டே இருந்தால், அடுத்த படம் அதன் மேலேயே விழுந்து இரண்டும் கலங்கித்தானே தெரியும்? வேகமாக அணைந்து எரியும் வெளிச்சத்தைத் தொடர் வெளிச்சமாகக் காண்பது ஒரு விஷயம். இங்கே இருந்த புள்ளி அங்கே இருந்தால் 'நகர்ந்துவிட்டது' என்று மூளை முடிவு கட்டுவது வேறு விஷயம். இந்த இரண்டாவதை 1912-ல் ஆராய்ந்து எழுதியவர் ஜெர்மன் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர். ஆக, சினிமாவின் பெரும்பகுதி பார்ப்பவரின் மூளையில்தான் எடுக்கப்படுகிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பழைய நோட்டின் கடைசி 24 பக்கங்களின் மூலையில் ஒரு பந்து வரையுங்கள். பக்கத்துக்குப் பக்கம் பந்து கொஞ்சம் மேலே போகட்டும், பிறகு இறங்கட்டும். கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று விட்டால் பந்து துள்ளும். இதில் ஷட்டர் வேலையைச் செய்வது உங்கள் கட்டைவிரல். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு கணம் பிடித்து நிறுத்துவது அதுதான்.

எடிசன் தவறவிட்ட இடம்

கண்ணாடித் தட்டில் படம் எடுத்த காலம்வரை நீளமான சினிமா சாத்தியமில்லை. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1889-ல் வளையக்கூடிய செல்லுலாய்டு ஃபிலிம் சுருளை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் கதவு திறந்தது. எடிசனின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வில்லியம் டிக்சன், 35 மில்லிமீட்டர் அகலச் சுருளில் ஒரு ஃபிரேமுக்கு இரு பக்கமும் நான்கு நான்கு துளைகள் என்று வகுத்தார். அந்த அளவு நூறாண்டுகளுக்கு மேல் அப்படியே நீடித்தது. 'பராசக்தி'யும் அதே 35 மில்லிமீட்டர்தான், 'நாயக'னும் அதேதான். தொழில்நுட்ப உலகில் இவ்வளவு நாள் உயிரோடு இருந்த அளவுகோல்கள் அபூர்வம்.

1894 ஏப்ரலில் நியூயார்க்கில் எடிசனின் கினெட்டோஸ்கோப் கடை திறந்தது. மரப்பெட்டியின் மேல் ஒரு துவாரம். குனிந்து, ஒருவர் மட்டும் உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே ஃபிலிம் நிற்காமல் ஓடியது. ஒரு சுழலும் தகட்டில் இருந்த மெல்லிய பிளவுதான் படத்தை நொடிப்பொழுது காட்டியது. பிளாட்டோவின் அதே தந்திரம்.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. பிளவு வழியே வரும் வெளிச்சம் மிகக் கொஞ்சம். துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்க்க அது போதும். சுவரளவு திரையில் விழ வைக்கப் போதாது. வெளிச்சம் வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமும் விளக்கின் முன் நின்றாக வேண்டும். நொடிக்குப் பலமுறை ஒரு சுருளைப் பிடித்து நிறுத்தி, மறுபடி இழுத்து, அதுவும் கிழியாமல்... எப்படி? எடிசனுக்குத் திரையில் காட்டுவதில் பெரிய அக்கறையும் இல்லை. ஆளுக்கொரு பெட்டி என்றால் நிறையப் பெட்டி விற்கலாமே என்பது அவர் கணக்கு. கணக்குத் தப்பிப்போனது.

தையல் மெஷின் சொன்ன விடை

பிரான்ஸின் லியோன் நகரத்தில் புகைப்படத் தட்டுத் தொழிற்சாலை நடத்தியவர் ஆந்த்வான் லூமியர். 1894-ல் எடிசனின் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து மகன்களிடம் சொன்னார். மூத்தவர் அகஸ்ட், இளையவர் லூயி. இருவரும் யோசித்தார்கள். விடை தையல் மெஷினில் இருந்தது.

தையல் மெஷினைக் கவனித்துப் பாருங்கள். ஊசி கீழே இறங்கும்போது துணி நிற்கிறது. ஊசி மேலே போனதும் அடியில் இருக்கும் பல் பட்டை துணியை ஒரு தையல் தூரம் நகர்த்துகிறது. மறுபடி துணி நிற்கிறது, ஊசி இறங்குகிறது. துணிக்குப் பதில் ஃபிலிம், ஊசிக்குப் பதில் ஒளி. அவ்வளவுதான்! லூயி வடிவமைத்த கருவியில் இரண்டு சிறிய முட்கள் ஃபிலிமின் துளைகளில் நுழைந்து, ஒரு ஃபிரேம் தூரம் இழுத்துவிட்டு வெளியே வந்துவிடும். ஃபிலிம் நிற்கும். முட்கள் காலியாக மேலே போய் மறுபடி நுழையும். நொடிக்கு 16 முறை. அதே பெட்டி கேமரா, அதே பெட்டி பிரதி எடுக்கும் கருவி, விளக்கு வைத்தால் அதே பெட்டி புரொஜெக்டர். எடை ஐந்து கிலோ அளவுக்குத்தான். எடிசனின் படப்பிடிப்புக் கருவியை இடம்பெயர்ப்பதே பெரும்பாடு. லூமியரின் பெட்டியோ ரயிலேறி உலகம் சுற்றியது.

1895 டிசம்பர் 28. பாரிஸின் கிராண்ட் கஃபேயின் நிலவறை. டிக்கெட் ஒரு ஃபிராங்க். காசு கொடுத்து வந்தவர்கள் 33 பேர். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான பத்துப் படங்கள். தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறார்கள். ரயில் வருவதைப் பார்த்து ஜனங்கள் அலறி ஓடினார்கள் என்று எல்லோரும் சொல்லும் கதை அன்றைக்கு நடந்திருக்க முடியாது. அந்த ரயில் படம் அன்றைய பட்டியலிலேயே இல்லை. ஏழு மாதம்கூட ஆகவில்லை. 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் லூமியரின் படங்கள் காட்டப்பட்டுவிட்டன.

ஆபரேட்டர் அறைக்குள்...

லூமியரின் முட்கள் சின்னப் படங்களுக்குச் சரி. நீளமான படங்கள் வந்ததும் இரண்டு மாற்றங்கள் தேவைப்பட்டன.

முதலாவது, ஒரு தொய்வு. பெரிய சுருள் கனமானது. மேலே அது ஒரே சீராகச் சுழல்கிறது. கீழே ஃபிலிமோ நின்று நின்று போகிறது. இரண்டையும் நேராக இணைத்தால் ஃபிலிம் அறுந்துவிடும். அதனால் இடையில் ஃபிலிமைக் கொஞ்சம் வளையமாகத் தொங்கவிட்டார்கள். அமெரிக்காவின் லேதம் குடும்பத்தார் பெயரால் இது 'லேதம் வளையம்' எனப்படுகிறது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது இந்த வளையம்தான். செலவே இல்லாத கண்டுபிடிப்பு. ஆனால், இது இல்லாமல் முழுநீளப் படம் இல்லை.

இரண்டாவது, மால்டா சிலுவை. கடிகாரம் செய்பவர்களுக்கு முன்பே தெரிந்த பொருள். நான்கு பிளவுகள் கொண்ட சிலுவை வடிவச் சக்கரம் ஒன்று, பக்கத்தில் ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு சக்கரம். இரண்டாவது சக்கரம் நிற்காமல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த முனை சிலுவையின் ஒரு பிளவில் நுழைந்து, கால் வட்டம் திருப்பிவிட்டு வெளியேறும். சுற்றின் கால் பங்கு நேரம் சிலுவை திரும்பும். முக்கால் பங்கு நேரம் அசையாமல் பூட்டிக்கொண்டு நிற்கும். அந்தச் சிலுவையோடு இணைந்த உருளையில் 16 பற்கள். கால் வட்டம் என்றால் நான்கு பற்கள். ஃபிரேமுக்கு நான்கு துளைகள் என்று டிக்சன் வைத்த கணக்கு இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது! ஃபிலிம் ஒரு ஃபிரேம் நகர எடுத்துக்கொள்ளும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு.

ஃபிலிம் நகரும் அந்தக் கணத்தில் வெளிச்சம் போனால் திரையில் இழுவல் தெரியும். அதனால் ஷட்டர் தகடு அப்போது ஒளியை மறைக்கும். ஆனால், நொடிக்கு 24 முறை மட்டும் இருட்டானால் கண்ணுக்குப் படபடப்பு தெரியும். எனவே தகட்டுக்கு இரண்டாவது இறக்கை வைத்து, ஃபிலிம் நின்றுகொண்டிருக்கும்போதும் தேவையில்லாமல் ஒருமுறை மறைத்தார்கள். இப்போது நொடிக்கு 48 மின்னல்கள். படபடப்பு காணாமல் போய்விட்டது. விளைவு என்ன தெரியுமா? படம் பார்க்கும் நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி, திரை முழு இருட்டு. இரண்டரை மணி நேரப் படத்துக்கு டிக்கெட் வாங்கிய ரசிகர்கள் ஒன்றேகால் மணி நேரம் எதையுமே பார்க்கவில்லை. ஒருவரும் காசைத் திருப்பிக் கேட்டதில்லை.

நிறுத்தி நிறுத்தி எடுப்பதால் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய ராஜா ராணி படங்களில் ரதம் முன்னால் பாயும், சக்கரம் பின்னால் சுற்றும். 12 ஆரம் உள்ள சக்கரம் நொடிக்கு 2 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 24 ஆரங்கள் ஒரே இடத்தைக் கடக்கும். கேமராவும் 24 படம் எடுக்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓர் ஆரம் இருந்த இடத்தில் அடுத்த ஆரம் இருக்கும். எனவே சக்கரம் சுற்றாமல் நிற்பதாகத் தெரியும். வேகம் கொஞ்சம் குறைந்தால் பின்னோக்கிப் போவதாகத் தெரியும். வீட்டில் ஃபேனை ஓடவிட்டு, மொபைலில் வீடியோ எடுத்தபடியே ரெகுலேட்டரைத் திருப்பிப் பாருங்கள். இறக்கைகள் தயங்கும், பின்னோக்கிச் சுற்றும், சில வேகங்களில் எண்ணிக்கை கூடியதுபோலக்கூடத் தெரியும்.

திருச்சியிலிருந்து கிளம்பிய பெட்டி

தமிழகத்துக்கு இந்த இயந்திரம் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததில் ஒரு ரயில்வே ஊழியருக்குப் பெரிய பங்கு உண்டு. கோயம்புத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். தொழிலை முடித்துக்கொண்டு ஊர் திரும்ப நினைத்த அவரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். வயது 22. வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தோடு கிளம்பினார். வடக்கே பெஷாவர் வரை படம் காட்டினார் என்று அவர் வரலாறு சொல்கிறது. 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் தியேட்டரைக் கட்டினார். அது நின்ற சாலைக்கே வெரைட்டி ஹால் ரோடு என்று பெயர்.

படம் காட்டுவது ஒன்று, எடுப்பது வேறு. சென்னையில் மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்த ஆர்.நடராஜ முதலியார், 1910-களின் பிற்பகுதியில் கீழ்ப்பாக்கத்தில் 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம். சென்னை வெயில் ஃபிலிம் கழுவ ஒத்துவராததால், அதற்கான ஆய்வகத்தைக் குளிர்ச்சியான பெங்களூரில் அமைத்தார்.

பேச ஆரம்பித்ததும் வந்த தகராறு

ஊமைப்படக் காலத்தில் வேகத்துக்குக் கறார் கணக்கு இல்லை. கேமராவையும் கையால் சுற்றினார்கள், புரொஜெக்டரையும் கையால் சுற்றினார்கள். இன்னொரு காட்சி போட ஆசைப்பட்டால் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் போயிற்று. பழைய ஊமைப்படங்களில் ஆட்கள் விசுக் விசுக்கென்று நடப்பது அவர்கள் குற்றமல்ல. 16, 18 என்ற வேகத்தில் எடுத்ததை 24-ல் ஓட்டுவதால் வந்த வினை.

பேசும் படத்தில் இந்த விளையாட்டு நடக்காது. வேகம் கூடினால் கதாநாயகனின் குரல் கீச்சுக்குரலாகிவிடும். 1927-ல் அமெரிக்காவில் 'தி ஜாஸ் சிங்கர்' வந்து பேசும் படம் சூடுபிடித்ததும், நொடிக்கு 24 ஃபிரேம் என்பது நிலையானது. இதைவிடக் குறைந்தால் ஒலி கெடும், கூடினால் ஃபிலிம் செலவு எகிறும்.

இன்னொரு தகராறும் இருந்தது. படத்துக்கு ஃபிலிம் நிற்க வேண்டும். ஒலிக்கோ அது நிற்கவே கூடாது! ஒரே சுருளில் இரண்டையும் எப்படிச் செய்வது? ஒலியைப் படிக்கும் பகுதியைப் படம் நிற்கும் இடத்துக்குக் கீழே தள்ளி வைத்தார்கள். நடுவில் ஒரு வளையம், பிறகு கனமான ஓர் உருளை. குதித்துக் குதித்து வரும் ஃபிலிம் அங்கே போவதற்குள் சீராகிவிடும். அதனால் ஒரு காட்சியின் ஒலி, அதன் படத்துக்குச் சுமார் 20 ஃபிரேம் முன்னால் ஃபிலிமின் ஓரத்தில் அச்சாகியிருக்கும். ஆபரேட்டர் அந்த வளையத்தைப் பெரிதாக விட்டுவிட்டால் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். தியேட்டரில் விசில் பறந்ததற்கு நடிகர் மட்டுமே காரணமல்ல!

1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. இயக்கம் எச்.எம்.ரெட்டி. நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். ஜனங்கள் குறை சொல்லவில்லை. திரை பேசுவதே அதிசயம். பம்பாயிலிருந்து ரயிலில் வந்த படப்பெட்டியைத் தேங்காய் உடைத்து, பூத்தூவி, ஊர்வலமாகத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள் என்பார்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது இன்று எங்கும் இல்லை.

எரிந்ததும் உருக்கியதும்

ஆரம்பகால ஃபிலிம் நைட்ரேட் செல்லுலாய்டால் ஆனது. வெடிமருந்தாகப் பயன்பட்ட பருத்தி நைட்ரேட்டுக்கு நெருங்கிய சொந்தம். தீப்பிடித்தால் அணைக்க முடியாது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்கடியிலும் எரியும். விளக்கின் முன் ஒரு ஃபிரேம் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டால் போதும். நிறுத்துவதுதான் சினிமா, நின்றே போனால் நெருப்பு! 1897-ல் பாரிஸில் ஒரு தர்மச் சந்தையில் புரொஜெக்டர் விளக்குக்கு ஊற்றிய ஈதரில் பற்றிய தீ நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 1950-களின் தொடக்கத்தில்தான் நைட்ரேட் ஃபிலிம் தயாரிப்பு நின்றது. அதன் பிறகு வந்த அசிட்டேட் ஃபிலிம் எளிதில் எரியாது. ஆனால், வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் புளித்து, வினிகர் வாடை வீசிச் சுருங்கும். நம் ஊரில் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பஞ்சமே இல்லை.

எரியாமல் தப்பியவற்றையும் மனிதர்கள் விடவில்லை. ஃபிலிமில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பில்லை, வெள்ளிக்கு மதிப்புண்டு. வெள்ளியைச் சுரண்டி எடுத்துவிட்டு மீதியை வளையல் செய்ய விற்றார்கள். யாரையும் பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது. தியேட்டரில் ஓடாத படத்தை எவராவது ஒருநாள் மறுபடி பார்க்கக் கேட்பார்கள் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றியிருக்கும்?

மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமார'னை எடுத்தவர் தமிழரான ஜே.சி.டேனியல். பல் மருத்துவர். சொத்தை விற்றுப் படம் எடுத்து, எல்லாவற்றையும் இழந்து, குமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்தில் கடைசிக் காலத்தைக் கழித்தார். வீட்டில் கிடந்த ஃபிலிமைச் சிறுவயதில் கொளுத்தி, அது நீலமாக எரிவதை வேடிக்கை பார்த்ததாக அவருடைய மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் குழந்தைக்கு அது மத்தாப்பு. அந்தப் படத்துக்கு வேறு பிரதி கிடைக்கவில்லை.

'கீசக வதம்' இல்லை. 'காளிதாஸ்' இல்லை, பாட்டுப் புத்தகமும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். இந்திய ஊமைப்படங்கள் ஆயிரத்துக்கும் மேல் எடுக்கப்பட்டிருக்க, முழுசாகப் பார்க்கக் கிடைப்பவை சொற்பம்.

அந்தச் சொற்பமும் கிடைப்பதற்கு முக்கியக் காரணம் பி.கே.நாயர். 1964-ல் புனேயில் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் சேர்ந்து, பழைய சுருள்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர். பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வின் மிஞ்சிய பகுதிகள் இன்று பார்க்கக் கிடைப்பது அவரால்தான்.

கண்ணாடிகளின் காலம்

இன்றைய தியேட்டரில் ஃபிலிமும் இல்லை, சிலுவையும் இல்லை. டிஜிட்டல் புரொஜெக்டரில் இருப்பது விரல்நுனியில் வைக்கக்கூடிய சில்லு. 1987-ல் அமெரிக்காவின் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்தது. அதில் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிகள். 2கே புரொஜெக்டரில் 2,048-க்கு 1,080, அதாவது 22 லட்சம். ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து, ஒளியைத் திரைக்கோ இருட்டுக்கோ திருப்புகிறது. இயக்குநர்கள் மட்டும் இன்னும் 24-ஐ விடவில்லை. சிலர் 48 ஃபிரேமில் எடுத்துப் பார்த்தார்கள். சீரியல் மாதிரி இருக்கிறது என்றார்கள் ரசிகர்கள்!

படத்தைப் பாதுகாக்கும் பிரச்னை மட்டும் உருமாறி நிற்கிறது. ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், எந்த இயந்திரமும் இல்லாமல் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். ஃபைலைத் திறக்கும் மென்பொருளும் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கல்யாண சிடி இப்போது எதில் ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். அதனாலேயே, டிஜிட்டலில் எடுத்த படங்களையும் பாலியெஸ்டர் ஃபிலிமில் ஒரு பிரதி எடுத்துக் குளிர்சாதன அறையில் வைக்கும் நிறுவனங்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன.

தெற்கத்தி ஊமைப்படங்களில் இன்றைக்கும் பார்க்கக் கிடைப்பது 'மார்த்தாண்ட வர்மா'. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர்.சுந்தர்ராஜ் தயாரித்து, 1933-ல் திருவனந்தபுரத்தில் வெளியிட்டார். சி.வி.ராமன் பிள்ளையின் நாவல் அது. உரிமை வைத்திருந்த புத்தகப் பதிப்பகம் வழக்குப் போட்டது. சில நாட்களிலேயே காட்சிகள் நிறுத்தப்பட்டு, படச்சுருள் பறிமுதலானது. தயாரிப்பாளருக்குப் பெரும் நஷ்டம். ஊர் ஊராகப் போய்த் தேயாமல், பெட்டிக்குள் முடங்கிக் கிடந்த அந்தச் சுருளை, 41 வருடம் கழித்து 1974-ல் அந்தப் பதிப்பகத்தாரிடமிருந்து புனே காப்பகம் வாங்கிக்கொண்டது.